பத்துக்கு ஒண்ணு

குற்றால சீசனைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஜூன் முதல் வாரத்தில் மெயின் அருவியில் வெறும் பாறை தெரிந்தால் போதும், இந்த வருஷம் சீசன் அவ்ளோதான்னு தென்காசி பஸ் ஸ்டாண்டிலேயே தீர்ப்பு எழுதிவிடுவோம். பத்து நாள் கழித்து அதே ஆட்கள் தோளில் துண்டோடு ஐந்தருவியில் நிற்பார்கள்.

நம்ம ஃபுட்பால் டீம் விஷயத்திலும் இப்போ அதேதான் ஓடுது. மூணு மேட்ச், மூணும் தோல்வி. கோச்சை மாத்தணும்னு ஹாஸ்டலில் ஒரு பேப்பர் சுத்திக்கிட்டு இருக்கு. புளியரை தாண்டினால் கேரளா, அங்கிருந்து வர்ற நம்ம பசங்களுக்கு ஃபுட்பால் உயிர், அதனால கோபம் கொஞ்சம் தூக்கல்தான். தப்பு சொல்லலை. ஆனா அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, பத்து கோல் வாங்கின ஒரு கோச்சைப் பத்திப் படிச்சிட்டுப் போங்க.

சையது அப்துல் ரஹீம். 2024இல் வந்த 'மைதான்' படத்தில் அஜய் தேவ்கன் நடித்தாரே, அவர்தான். படம் பார்த்திருந்தால் அதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள், சினிமாவுக்காக நிறைய மாற்றியிருக்கிறார்கள்.

ரஹீம் 1909 ஆகஸ்ட் 17 அன்று ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது அதன் அணிக்கு ஆடினார். பிறகு பள்ளிக்கூட வாத்தியார் வேலை. 1943இல் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் ஆனார், சாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அவர் நடத்திய போட்டிகள் கொஞ்சம் வித்தியாசமானவை. ஒன்றில் டிரிப்ளிங் கூடாது, பந்து வந்ததும் தட்டிவிடணும். இன்னொன்றில் வாகு இல்லாத காலால் மட்டும்தான் அடிக்கணும். வாத்தியார் மூளை!

1950இல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி அவர் கைக்கு வந்தது. 1950 முதல் 1954 வரை ரோவர்ஸ் கோப்பை அஞ்சு வருஷமும் அவர்களுக்குத்தான். இந்திய அணியும் அவரிடம் வந்தது. 1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் இறுதியில் ஈரானை ஒரு கோலில் ஜெயித்து தங்கம். கோல் அடித்தவர் மேவாலால்.

அடுத்த வருஷம் ஹெல்சிங்கி ஒலிம்பிக். முதல் ஆட்டமே யூகோஸ்லாவியாவோடு. நம்ம ஆட்களில் பலர் வெறுங்காலில் ஆடிப் பழகியவர்கள். நம்ம ஊர் வெயிலில், காய்ஞ்ச தரையில் அது ஒரு பலம்கூட. பின்லாந்து குளிரில், ஈரப் புல்லில், ஷூ போட்ட ஐரோப்பியர்களுக்கு எதிரே அது எப்படி இருந்திருக்கும்? பழைய குற்றாலத்தில் பாசி பிடித்த பாறையில் ஓடிப் பாருங்கள், புரியும். 10-1. அந்த ஒரு கோலை அடித்தவர் அகமது கான்.

இன்னைக்கு இது நடந்திருந்தால் மறுநாள் காலையில் மீம் வந்திருக்கும், சாயங்காலம் கோச் வீட்டுக்குப் போயிருப்பார். அதுக்காக அவரை விட்டதும் கண்மூடித்தனம் என்று நினைக்காதீர்கள். அவர் கணக்கில் ஏற்கனவே ஒரு தங்கமும் போலீஸ் அணியின் கோப்பைகளும் இருந்தன. தோற்கடித்த யூகோஸ்லாவியாவும் லேசுப்பட்ட அணி இல்லை, அந்த ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியது.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்ததுதான். வெறுங்கால் ஆட்டம் முடிவுக்கு வந்தது, ஷூ கட்டாயம் என்று இந்தியக் கால்பந்து சம்மேளனம் விதி கொண்டுவந்தது. ஹெல்சிங்கியில் தங்கம் வாங்கிய ஹங்கேரி, தன் சென்டர் ஃபார்வர்டை முன்னால் நிறுத்தாமல் கொஞ்சம் பின்னால் இழுத்து ஆடவைத்தது. எதிரணி டிஃபென்டர் அவர் பின்னாலேயே போவதா, இடத்திலேயே நிற்பதா என்று முழிப்பான். போனால் அவன் விட்ட இடத்தில் மற்றவர்கள் புகுந்துவிடுவார்கள். இந்த உத்தியை ரஹீம் தன் அணிக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டார். வெளியூரில் அடி வாங்கிவிட்டு அவர் ஒரு நோட்ஸோடு திரும்பி வந்தார்னு வைச்சுக்கலாம்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கும் அவரையே அனுப்பினார்கள். முதல் சுற்றில் ஹங்கேரி வராததால் ஆடாமலே தாண்டினோம். அடுத்து, சொந்த மண்ணில் ஆடிய ஆஸ்திரேலியாவை 4-2, அதில் நெவில் டிசூசா ஹாட்ரிக். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய அணி நாம்தான். அரையிறுதியில் எதிரே நின்றது யார் தெரியுமா? மறுபடியும் அதே யூகோஸ்லாவியா. இந்த முறை முதல் கோல் நம்முடையது, அதுவும் நெவில்தான். கடைசியில் 4-1 என்று தோற்றோம். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் 3-0. நாலாவது இடம். பத்துக்கு ஒண்ணிலிருந்து நாலு வருஷத்தில் வந்த தூரம் அது.

1960 ரோம் ஒலிம்பிக் ரிசல்ட்டை மட்டும் பார்த்தால் நீங்கள் மறுபடியும் பேப்பரை எடுப்பீர்கள். மூணு ஆட்டத்தில் ஒரு ஜெயிப்புகூட இல்லை. ஆனால் ஹங்கேரியிடம் 2-1 என்றுதான் தோல்வி, பிரான்ஸோடு 1-1 டிரா. ஸ்கோர்போர்டும் ஆட்டமும் எப்பவும் ஒரே கதையைச் சொல்றதில்லை.

ஜகார்த்தா, 1962 ஆசிய விளையாட்டு. அதற்குள் ரஹீமுக்குப் புற்றுநோய் வந்துவிட்டது. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. தாய்லாந்தை 4-1 என்று ஜெயித்த ஆட்டத்தில் டிஃபென்டர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடி, தையல் போட்டார்கள். ஜப்பானையும் ஜெயித்து அரையிறுதிக்கு வந்தாச்சு. ரஹீம் என்ன செய்தார்? தலையில் தையலோடு இருக்கிற டிஃபென்டரை சென்டர் ஃபார்வர்டாக முன்னால் அனுப்பினார்! தோற்றிருந்தால் அந்த ஒரு முடிவுக்கே ஆளை நார்நாராகக் கிழித்திருப்பார்கள். தெற்கு வியட்நாமை 3-2 என்று ஜெயித்தோம், ஜர்னைல் ஒரு கோல் அடித்தார்.

செப்டம்பர் 4, இறுதி ஆட்டம். மறுபடி தென் கொரியா. காய்ச்சலில் கிடந்த பீட்டர் தங்கராஜை ரஹீம் கோலில் நிறுத்தினார். தங்கராஜ் நம்ம வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்டில் ராணுவத்தில் சேர்ந்தவர், நல்ல உயரம். அரங்கமே நமக்கு எதிராகக் கத்தியது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்காததை இந்திய அதிகாரி ஜி.டி. சோந்தி கண்டித்திருந்தார், அந்தக் கோபம் நம்ம பசங்க மேல இறங்கியது. பி.கே. பானர்ஜி ஒரு கோல். சில நிமிஷத்தில் ஜர்னைல் இன்னொன்று. கொரியா கடைசி நேரத்தில் ஒன்றைத் திருப்பியது, அவ்வளவுதான். 2-1, தங்கம்.

அடுத்த வருஷம் 1963 ஜூன் 11 அன்று ரஹீம் இறந்தார். வயசு 53. ஆசிய விளையாட்டு ஆண்கள் கால்பந்தில் அதற்குப் பிறகு இந்தியா தங்கம் வாங்கவே இல்லை. 1970இல் ஒரு வெண்கலம், அதோடு சரி.

நம்ம கோச் ரஹீம் இல்லைன்னு நீங்க சொல்வீங்க. தெரியும். தோத்த எல்லா கோச்சும் ரஹீம் ஆகிடுறதும் இல்லை. அதனால நான் அந்தப் பேப்பரைக் கிழிக்கச் சொல்லலை. முதல் தோல்விக்கும் மூணாவது தோல்விக்கும் நடுவில் அவர் என்ன மாத்தினார்னு மட்டும் போய்ப் பாருங்க. ரெண்டாவது மேட்ச்லேர்ந்து லெஃப்ட் பேக் மாறியிருக்கு, கார்னர் எடுக்கிற ஆள் மாறியிருக்கு. ஆறு கோல் வாங்கின டீம் போன வாரம் வாங்கினது ரெண்டு. இது போதுமா போதாதான்னு எனக்கும் சந்தேகம் இருக்கு. சீசனில் இன்னும் நாலு மேட்ச் பாக்கி, நான் அதுவரைக்கும் கையெழுத்துப் போடலை.

காலையில் அஞ்சரைக்கு பிராக்டிஸ். சாரல் அடித்தாலும் நடக்குது. வேணும்னா வந்து பாருங்க, குடை எடுத்துட்டு வாங்க.