பச்சையப்ப முதலியாரின் மரண சாசனம்

நம் சங்கத்து அன்பர்களிற் பலர் பச்சையப்பன் கல்லூரியில் தாமே பயின்றோர், அன்றேல் தம் மக்களைப் பயில்வித்தோர். ஆயினும் அக்கல்விச்சாலை ஒரு சொத்து வழக்கின் முடிவிற் பிறந்தது என்பதை அறிந்தோர் சிலரே. ஆதலின் அவ்வள்ளலின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி உரைக்கின்றோம்.

1754-ஆம் ஆண்டு அவர் பிறக்குமுன்னரே தந்தையார் விசுவநாத முதலியார் காலஞ்சென்றார். தாயார் பூச்சியம்மாள் மக்களுடன் சென்னை எய்தி, நாராயண பிள்ளை என்னும் துவிபாஷியின் ஆதரவில் வாழ்ந்தார். இளமையிலேயே ஆங்கிலமும் வணிகமும் கற்ற பச்சையப்பர் தாமும் துவிபாஷியாகிப் பெரும்பொருள் ஈட்டினார். கோமளீசுவரன்பேட்டையில் வசித்த நாளில் நாடோறும் கூவத்தில் நீராடி இறைவனை வழிபட்டனர் என்பர். இன்று அந்நதியைக் காண்போர்க்கு இது வியப்பாகவே தோன்றும்!

மனைவியர் இருவர் இருந்தும் அவருக்கு ஆண்மகவு இல்லை. நோயுற்ற நிலையில், 1794 மார்ச்சு 22-ல் கும்பகோணத்தில், தம் பொருளின் பெரும்பகுதியை ஆலயத் திருப்பணிக்கும் பிற தருமங்கட்கும் உரிமையாக்கி மரண சாசனம் எழுதுவித்தார். ஒன்பதாம் நாள் திருவையாற்றில் சிவபதம் அடைந்தார். அப்போது வயது நாற்பதளவே.

சாசனம் எழுதுதல் வேறு. அதனை நிறைவேற்றுதல் வேறு. நியாயஸ்தலத்தில் அதனை மெய்ப்பித்து, வரவேண்டிய கடனைத் தண்டி, கொடுக்க வேண்டியதைத் தீர்த்து, கணக்கொப்பித்த பின்னரன்றோ பங்கு பிரிதல் கூடும்? எம்மூராகிய சிறுசேரியில் கணினித் தொழிற்பேட்டை எழுந்து நிலவிலை உயர்ந்த பின்னர், பாட்டனார் பெயரிலேயே பட்டா நிற்கும் நிலத்தின்பொருட்டு உடன்பிறந்தார் முகம்பாராதிருத்தலை நாமே கண்டுள்ளோம். பத்துச் சென்டுக்கு இப்பாடெனின், இலட்சங்களுக்குக் கேட்பானேன்!

முதலியார் பொருளும் பலர் கைப்பட்டு, உரிமை கொண்டாடினோர் வழக்கிற் சிக்கியது. அவர் மறைந்த நாளில் சென்னையில் இருந்தது மேயர் கோர்ட்டு. அது 1798-ல் ரிக்கார்டர் கோர்ட்டாயிற்று. 1801-ல் சுப்ரீம் கோர்ட்டாயிற்று. நியாயஸ்தலங்கள் மாறினவேயன்றித் தருமம் நடந்தபாடில்லை. சாசனத்தில் தருமங்களைப் பெற வேண்டிய கோயில்களுக்கும் எளியோர்க்கும் வாதாடுவார் யாருமிலர். இதுவே வழக்கு நீண்டதன் காரணம் என்பது எம் கருத்து.

அட்வொகேட் ஜெனரலாயிருந்த ஜார்ஜ் நார்ட்டன் துரை, பொதுத் தருமங்களின் பொருட்டுத் தாமே முன்னின்று முயன்றதனால், 1841-ல் முடிவு பிறந்தது. அதற்குள் வட்டியேறி அத்தொகை ஏறக்குறைய 8 இலட்சம் ரூபாயாகி நின்றது. சாசனப்படி ஆலய தருமங்களுக்குச் சுமார் 3½ இலட்சம் ஒதுக்கப்பட்டது. எஞ்சிய சுமார் 4½ இலட்சம் கல்விக்கு என வகுக்கப்பட்டது. கோயில் தருமத்தையே முதன்மையாகக் கருதிய பெருமானின் பெயர் கல்விச்சாலையால் நிலைபெற்றமை, காலதாமதத்தில் விளைந்த வட்டியின் பயன். தாமதத்தை நாம் புகழ்கின்றோமல்லோம். 47 ஆண்டுகள் விளக்கெரியாத சந்நிதிகளையும், அன்னம் பெறாத வயிறுகளையும் எக்கணக்கில் எழுதுவது?

1842 ஜனவரி முதல் நாள் பிராட்வேயில் பள்ளி திறக்கப்பட்டது. 1850-ல் எஸ்பிளனேடில் கிரேக்க ஆலயத்தை ஒப்பத் தூண்கள் நிறுவிய மண்டபம் எழுந்தது. 1889-ல் அது முதல்தரக் கல்லூரியாயிற்று. 1940-ல் சேத்துப்பட்டிற்குச் சென்றது.