மார்ட்டின் லூதர் கிங்கின் பிறந்த நாளில் படிவம் நிரப்பும் சட்ட மாணவர்கள்

ஜனவரி மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை அமெரிக்காவில் விடுமுறை. மார்ட்டின் லூதர் கிங்கின் பிறந்த நாளை ஒட்டிய நாள் அது. சட்டக் கல்லூரிகள் சிலவற்றின் மாணவர்களும் விரிவுரையாளர்களும் அந்த நாளையொட்டி வேலைக்கு இறங்குகிறார்கள். உணவுப் பொதி கட்டுகிறார்கள், வயோதிபர்களுக்கு மரணசாசனம் எழுத உதவுகிறார்கள், ஏழைகளின் படிவங்களை நிரப்பிக் கொடுக்கிறார்கள்.

இதை வாசித்தபோது எனக்குக் கச்சேரி வாசல்தான் நினைவுக்கு வந்தது. யுத்தம் முடிந்த பிறகு, தொலைந்துபோன காணி உறுதிக்காக அம்மா அலைந்த நாட்களில் படிவத்தைச் சரியாக நிரப்பித் தர ஒருவர் கிடைப்பதே பெரிய விடயம். ஒரு போதகரின் பிறந்த நாளுக்கும் படிவத்துக்கும் என்ன தொடர்பு என்று தேடித்தான் கிங்கின் வாழ்க்கையை மறுபடி படித்தேன்.

அவர் 1929 ஜனவரி 15 அன்று அற்லாண்டாவில் பிறந்தார். 1955 டிசம்பரில் மொன்ட்கொமரி நகரில் கறுப்பின மக்கள் பஸ் புறக்கணிப்பைத் தொடங்கியபோது அவருக்கு வயது 26. மக்கள் 381 நாட்கள் பஸ்ஸில் ஏறவில்லை. கிங்கின் வீட்டுக்குக் குண்டு வீசப்பட்டது. புறக்கணிப்பைத் தடுக்கும் பழைய சட்டமொன்றின் கீழ் அவர் குற்றவாளியாக்கப்பட்டார்.

அதே நேரம் இன்னொரு பக்கத்தில் பிரெட் கிரே என்ற இளம் சட்டத்தரணி வேலை செய்துகொண்டிருந்தார். கறுப்பினத்தவர் என்பதால் சொந்த மாநிலத்தில் சட்டம் படிக்க வழியின்றி, ஒஹாயோ சென்று படித்துத் திரும்பியவர். பஸ்ஸில் அவமதிக்கப்பட்ட பெண்களின் பெயரில் அவர் வழக்குத் தாக்கல் செய்தார். மக்கள் காரில் கூட்டாகப் பயணிப்பதைத் தடுக்கும்படி நகர நிர்வாகம் கேட்ட வழக்குக்காக 1956 நவம்பர் 13 அன்று கிங் நீதிமன்றில் இருந்தபோதுதான், பஸ்களில் இனப்பிரிவினை செல்லாது என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. நடந்த கால்களும் எழுதிய மனுவும் சேர்ந்துதான் அந்த வெற்றியைத் தந்தன.

சட்டம் எப்போதும் அவர் பக்கம் நின்றதில்லை. 1963 இல் பர்மிங்ஹாமில் தடையுத்தரவை மீறி ஊர்வலம் போனதற்காகச் சிறை சென்றார். நான்கு ஆண்டுகள் கழித்து உயர் நீதிமன்றமே அந்தத் தண்டனையை உறுதி செய்தது. அவர் திரும்பவும் சிறைக்குப் போனார். அதற்கிடையில் 1964 இல் சிவில் உரிமைச் சட்டமும் 1965 இல் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறியிருந்தன.

1968 இல் மெம்பிஸ் நகரின் துப்புரவுத் தொழிலாளர் இருவர் குப்பை வண்டியின் இயந்திரத்தில் நசுங்கி இறந்தார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கிங் அவர்களிடம் போனார். ஊர்வலத்துக்கு நீதிமன்றம் தடை விதித்தது. இம்முறை அந்நகரின் சட்டத்தரணிகள் அவருக்காக வாதாட முன்வந்தார்கள். ஏப்ரல் 4 பிற்பகல், நிபந்தனைகளோடு ஊர்வலத்தை அனுமதிக்க நீதிபதி இணங்கினார். அந்தச் செய்தி விடுதியில் இருந்த கிங்கிடம் போய்ச் சேர்ந்தது. மாலை 6 மணி கடந்ததும் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 39.

நான்கு நாட்களின் பின் அவரது மனைவி கொரெட்டா அதே நகரில் அந்த ஊர்வலத்தை நடத்தினார். ஏப்ரல் 16 அன்று தொழிலாளரின் சங்கம் அங்கீகரிக்கப்பட்டது, சம்பளமும் கூடியது.

அவர் பெயரில் விடுமுறை வேண்டும் என்று கேட்டு 15 ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1983 இல் சட்டமாகி, 1986 இல் முதன்முறை அனுசரிக்கப்பட்டது. 1994 இல் அதைச் சேவை நாளாக்கும் சட்டத்தை முன்னெடுத்த இருவரில் ஒருவர், செல்மாவில் பொலிஸாரிடம் மண்டை உடைபட்ட ஜோன் லூயிஸ். மற்றவர், கறுப்பினத்தவரின் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த வெள்ளையரான ஹரிஸ் வோபர்ட்.

இப்போது எனக்கு அந்தத் தொடர்பு விளங்குகிறது. தீர்ப்பு கேட்டு நின்றவர்களுக்கு மனு எழுதத் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். எங்கள் ஊரிலும் காணிக்காகவும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகவும் ஆவணங்களோடு அலைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சட்டம் படிக்கும் எங்கள் பிள்ளைகள் வருடத்தில் ஒரு நாளாவது அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து படிவத்தை வாசித்துச் சொன்னால், அம்மாவைப் போன்ற ஒருவர் மறுநாளும் திரும்பி வரத் தேவையிருக்காது.