தெமி ஸம்மிட்

சங்க மலருக்கு மறைந்த பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு செயலாளர் கேட்டதும், நான் யாரைத் தேர்ந்தெடுப்பேன் என்பது விடுதியில் என் அடுத்த அறைக்காரருக்குத் தெரிந்திருக்கும். என் காய்ச்சலின் கதையை அதிகமாகக் கேட்டவர் அவர்தாம்.

சென்ற ஆண்டு ஏழு வாரம் நான் அந்தக் காய்ச்சலோடு வாழ்ந்தேன். மாலையானால் உடல் கொதிக்கும். நள்ளிரவில் வேர்த்துக் கொட்டிப் போர்வை நனையும். விடிந்ததும் ஒன்றும் நடவாததுபோல் எழுந்து வகுப்புக்குப் போவேன். சில நாள் விட்டிருக்கும். போய்விட்டது என்று மகிழும்போது மீண்டும் வரும். இடுப்பும் முழங்காலும் கிழவனுக்கு வலிப்பதுபோல் வலிக்கும். மலேரியா என்றார்கள், டைபாய்டு என்றார்கள், வடக்கே வந்த தமிழ்ப் பிள்ளைக்கு ஊர் ஏக்கம் என்றும் ஒருவர் சொன்னார். கடைசியில் ஒரு மருத்துவர், நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டார். கால்நடை மருத்துவம் என்றேன். அவர் அடுத்துக் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இருந்தது. குளிர்காலத்தில் ஒரு நாள், பண்ணையில் கன்று வீசிய எருமைக்கு நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்திருந்தேன்.

என் இரத்தத்தை எடுத்தார்கள். அதன் தெளிநீரைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, வரிசையாக வைத்த சோதனைக் குழாய்களில், கொல்லப்பட்ட கிருமிகள் மிதக்கும் நீரோடு கலந்து வைத்தார்கள். நோயில்லாதவன் இரத்தமானால் நீர் கலங்கலாகவே இருக்கும். நோயாளியின் இரத்தமானால் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் படியும். மேலே நீர் தெளிந்துவிடும். என் குழாய்கள் தெளிந்துவிட்டன. புரூசெல்லா நோய் என்றார்கள். ஆறு வாரம் இரண்டு மருந்துகளை விடாமல் விழுங்கி எழுந்தேன்.

படுக்கையில் கிடந்தபோதுதான் இந்த நோயின் பழைய பெயர் மால்ட்டாக் காய்ச்சல் என்று படித்தேன். இதே குழாய்ச் சோதனையை ஆட்டின் இரத்தத்தில் செய்து பார்த்து, நோய் எங்கிருந்து வருகிறது என்று கண்டவர் தெமிஸ்டோக்ளிஸ் ஸம்மிட். அவர் நாட்டார் அவரைத் தெமி என்றே அழைத்தார்கள்.

மால்ட்டா மத்தியதரைக் கடலில் சிசிலிக்குத் தெற்கே ஏறத்தாழ அறுபது மைல் தொலைவில் உள்ள சிறு தீவு. அக்காலத்தில் அது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. அவர்களுடைய கடற்படைக்குப் பெருந்துறை. அதன் தலைநகரான வலெட்டாவில் 1864ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் ஸம்மிட் பிறந்தார். தீவின் பல்கலைக்கழகத்திலேயே மருத்துவம் பயின்று, இலண்டனிலும் பாரிசிலும் கிருமியியல் கற்றுத் திரும்பினார். அரசாங்கத்தின் இரசாயனப் பரிசோதகராக அமர்ந்தார்.

அவர் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த நாட்களிலேயே டேவிட் புரூஸ் என்ற இராணுவ மருத்துவர் தீவுக்கு வந்திருந்தார். இக்காய்ச்சலால் இறந்த சிப்பாய்களின் மண்ணீரலிலிருந்து நோய்க் கிருமியை வளர்த்தெடுத்து 1887இல் வெளியிட்டார். கிருமி அகப்பட்டது, அது மனிதனுக்குள் நுழையும் வழி அகப்படவில்லை. சாக்கடை நாற்றம் என்றார்கள் சிலர். தூசி என்றார்கள் சிலர். கொசு என்றார்கள் சிலர். சிப்பாய்களும் மாலுமிகளும் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் படுத்தார்கள். ஒருவர் தேற மாதக்கணக்கில் ஆயிற்று. படை வலிமை குறைவதைக் கண்ட பிறகே 1904இல் இலண்டன் ராயல் சொசைட்டி ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. புரூஸ் அதன் தலைவர். குழுவில் பெரும்பாலோர் படை மருத்துவர்கள். தீவின் மக்கள் சார்பில் ஸம்மிட் இடம் பெற்றார்.

ஆடுகளைப் பற்றிச் சொல்லவேண்டும். தீவில் ஏறத்தாழ இருபதாயிரம் ஆடுகள் இருந்தன. விடியற்காலையில் இடையர்கள் மந்தையை நகரத் தெருக்களில் ஓட்டிவந்து, கேட்ட வீட்டு வாசலிலேயே கறந்து கொடுப்பார்கள். மாடி வீடானால் ஆடும் படியேறும்! கண்ணெதிரே கறந்த பாலில் தண்ணீர் கலக்க முடியாதல்லவா? ஆகவே மக்களுக்கு அதில் முழு நம்பிக்கை. நுரை அடங்கும்முன் காய்ச்சாமல் குடிப்பார்கள். ஆடுகளோ பார்ப்பதற்குக் கொழுகொழுவென்று இருந்தன. அவற்றை யார் சந்தேகிப்பார்?

ஸம்மிட் சந்தேகித்தார். 1905ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆறு ஆடுகளின் இரத்தத்தை எடுத்துக் குழாய்ச் சோதனை செய்தார். ஐந்தின் இரத்தம் கிருமிகளைத் திரளச் செய்தது. நோயின் குறி ஒன்றுமில்லாத ஐந்து ஆடுகள்! குழுவினர் வியந்து மேலும் சோதித்தார்கள். ஹாரக்ஸ் என்ற படை மருத்துவர் ஆட்டுப்பாலிலேயே கிருமியைக் கண்டார். அப்பாலைக் குடித்த குரங்குகளுக்குக் காய்ச்சல் வந்தது. தீவின் ஆடுகளில் ஏறத்தாழப் பாதி நோய் தொட்டவை என்றும், பத்தில் ஒன்று பாலில் கிருமியைக் கழிக்கிறது என்றும் தெரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மற்றொரு சான்றும் தானாக வந்தது. அமெரிக்கா கொண்டுசெல்ல அறுபதுக்கு மேற்பட்ட மால்ட்டா ஆடுகளை ஏற்றிய ஜோஷுவா நிக்கல்சன் என்னும் கப்பலில், வழியெல்லாம் பாலைக் குடித்த மாலுமிகள் காய்ச்சலில் விழுந்தார்கள்.

1906இல் படையினருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. டின் பால் தரப்பட்டது. 1907இல் படைகளில் நோயாளிகளை விரல்விட்டு எண்ணலாம் போலாயிற்று. மருத்துவ நூல்கள் பெரும்பாலும் இந்த வெற்றியோடு கதையை முடித்துவிடுகின்றன. எனக்கு அங்கே நிறுத்த மனம் வரவில்லை.

உண்மையைக் கண்டவர் தீவின் மகன். பயன் பெற்றவர்கள் அயல்நாட்டுச் சிப்பாய்கள். தீவின் மக்கள் காய்ச்சாத பாலையே குடித்துக்கொண்டிருந்தார்கள்; காய்ச்சலில் விழுந்துகொண்டும் இருந்தார்கள். படைக்கு ஓர் உத்தரவு போதும். ஊருக்கு அது போதாது. கொழுத்த ஆட்டில் நோய் இருக்கிறது என்றால் இல்லத்தரசி நம்பவில்லை. மந்தையே சொத்தாக உள்ள இடையன் நம்ப விரும்பவுமில்லை. இவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த எருமையும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. படித்த நானே கையுறை அணியவில்லை. ஆனால் ஆட்டை இழப்பவனுக்கு ஈடு கொடுத்து, ஊருக்கு நல்ல பால் கிடைக்க வழி செய்ய வேண்டியது அரசு. சிப்பாய்க்காக ஒரே ஆண்டில் விரைந்த அரசு, குடிமக்களுக்காக முப்பது ஆண்டு ஆறப்போட்டது.

புகழிலும் பங்கு சரியாக விழவில்லை. 1920இல் கிருமியின் இனத்துக்குப் புரூஸின் நினைவாகப் புரூசெல்லா என்று பெயரிட்டார்கள். புரூஸ் பெரிய மனிதர்தாம். ஆப்பிரிக்கத் தூக்க நோயிலும் அவர் பணி பெரிது. எனினும் ஸம்மிட் பெயரை நம் பாடப்புத்தகத்தில் தேடினேன். ஒரு வரிகூட இல்லை.

அவர் அதற்காக ஓய்ந்து உட்கார்ந்ததாகத் தெரியவில்லை. வலெட்டா அருங்காட்சியகத்தின் முதல் தலைவர் அவரே. டார்ஷின் என்ற ஊரில் உழவர்களின் ஏர் பெருங்கற்களில் முட்டுகிறது என்று கேள்விப்பட்டு, 1915 முதல் 1919 வரை அங்கே அகழ்ந்தார். ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கற்கோயில்கள் வெளிப்பட்டன. மண் அடுக்குகளை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு தோண்டினார். ஆய்வுக்கூடத்தின் பொறுமை அங்கும் உதவியது. 1920 முதல் 1926 வரை, தாம் பயின்ற பல்கலைக்கழகத்துக்கே தலைவராக இருந்தார். இத்தாலியும் ஆங்கிலமும் கற்றோர் மொழியாக இருந்த தீவில், வீட்டு மொழியான மால்ட்டீஸில் சிறுகதைகள் எழுதினார். ஊருக்கு வெளியே தமிழில் மலர் நடத்தும் நாம் இதை இரண்டு முறை படிக்கலாம். 1930இல் சர் பட்டம் வந்தது.

1935ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் அவர் காலமானார். பாலைச் சூடேற்றிக் கிருமி நீக்கும் நிலையம் தீவில் ஏற்பட்டது 1938இல். தலைநகரிலிருந்து மற்ற ஊர்களுக்கு அது பரவப் போருக்குப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின. 1995இல்கூடக் காய்ச்சாத பாலில் செய்த பாற்கட்டியால் அங்கே நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள்.

தபால்தலை சேர்க்கும் நண்பர் ஒருவர் அண்மையில் எனக்கு இரண்டு தலைகளைக் காட்டினார். மால்ட்டா விடுதலை பெற்ற 1964ஆம் ஆண்டில், அதற்குச் சில மாதம் முன், இந்நோய் ஒழிப்பு மாநாட்டுக்காக வெளியிட்டவை. ஒன்றில் புரூஸும் ஸம்மிட்டும் இருக்கிறார்கள். மற்றொன்று ஆட்டுக்கு!