மெல்லக் கற்ற புனிதர்

இருபது வயதில் உங்களைச் சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து இலக்கணம் படிக்கச் சொன்னால் சம்மதிப்பீர்களா? நான் சம்மதிப்பேனா என்பது சந்தேகமே. இன்று பங்குக் குருக்கள் அனைவருக்கும் பாதுகாவலராக விளங்கும் புனித ஜான் மரிய வியான்னி சம்மதித்தார்.

பிரான்சு நாட்டில் லியோன் நகருக்கு அருகிலுள்ள தார்தில்லி என்னும் சிற்றூரில், 1786ஆம் ஆண்டு ஓர் உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். அவருடைய சிறுவயது புரட்சிக் காலம். கோயில்கள் மூடிக் கிடந்தன. ஆடு மேய்த்தும் வயலில் உழைத்தும் வளர்ந்த அவருக்குப் பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. ஆனால் குருவாக வேண்டும் என்ற ஆசை நெஞ்சு நிறைய இருந்தது. அதற்கு லத்தீன் மொழி தெரிந்திருக்க வேண்டுமே! எக்குல்லி ஊரின் பங்குக் குரு பாலே சுவாமி அவருக்குப் பாடம் சொல்லித் தந்தார். படித்தது மனத்தில் நிற்கவே இல்லை. உடன் படித்த மத்தியாஸ் லோராஸ் அவரைவிட ஆறு வயது இளையவன். பாடம் சொல்லிக் கொடுத்துப் பார்த்து, ஒருநாள் பொறுமையிழந்து அவரை அடித்தே விட்டான். வியான்னியோ அச்சிறுவன் முன் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டார். அவன் அழுதுவிட்டான். (அவனே பிற்காலத்தில் அமெரிக்காவில் மேற்றிராணியார் ஆனான்!)

1806ஆம் ஆண்டு, மனம் தளர்ந்த நிலையில், லா லூவெஸ்க் என்னும் இடத்திலுள்ள புனித பிரான்சிஸ் ரேஜிஸ் கல்லறைக்குக் கால்நடையாகவே திருயாத்திரை சென்றார். லத்தீன் கற்க வரம் வேண்டினார். திரும்பியதும் மடமடவென்று வந்துவிட்டதா? இல்லை. சோர்ந்து விடாத அளவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. அவர் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வரம் கிடைத்தது, உழைப்பு மட்டும் குறையவில்லை.

இடையில் இராணுவ ஆள்சேர்ப்பால் படிப்பு தடைப்பட்டது. 1813இல் லியோன் குருமடத்தில் சேர்ந்தார். பாடங்களெல்லாம் லத்தீனில் நடந்ததால் தேற முடியாமல் வெளியேற நேர்ந்தது. பாலே சுவாமி அவரைக் கைவிடவில்லை. தாய்மொழியிலேயே மறுபடி கற்பித்தார், அவருக்காகப் பரிந்தும் பேசினார். 1815 ஆகஸ்டு 13ஆம் நாள், 29ஆம் வயதில், வியான்னி குருப்பட்டம் பெற்றார். அப்போதும் பாவசங்கீர்த்தனம் கேட்க உடனே அனுமதி கிடைக்கவில்லை. சில மாதங்கள் கழித்து அது கிடைத்தபோது, அவரிடம் முதன்முதலாகப் பாவசங்கீர்த்தனம் செய்தவர் யார் தெரியுமா? ஆசிரியர் பாலே சுவாமியே!

1818இல் ஆர்ஸ் என்னும் குக்கிராமத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே சுமார் 230 பேரே வாழ்ந்தனர். பிரசங்கத்தை எழுதி நெடுநேரம் மனப்பாடம் செய்வார். நடுவில் மறந்துபோய் இறங்கி வந்ததும் உண்டு. ஊர் திருந்தவும் பல ஆண்டுகள் பிடித்தன. பின்னர் நாடெங்குமிருந்து மக்கள் அவரைத் தேடி வந்தனர். கோடைக் காலத்தில் நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம் வரை பாவசங்கீர்த்தனம் கேட்டார். 1859 ஜூலை இறுதியில் படுக்கையில் விழும்வரை அந்தத் தொட்டியைவிட்டு அவர் விலகவில்லை. ஆகஸ்டு 4ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.