கேன்சர் வலிக்கு அக்குபஞ்சரா? சீனாவுக்கே போய்ப் பார்த்த முகமூடி மல்யுத்த வீரர்!

வீட்டில் யாருக்காவது கேன்சர் என்றால், மாத்திரைக்கு வலி அடங்காத ஒரு ராத்திரியில் நீங்களும் யோசிச்சிருப்பீங்க... அக்குபஞ்சர் செஞ்சு பார்க்கலாமா? ஐம்பது வருஷத்துக்கு முன்னாடியே இந்த ஊசியை நேரில் பார்க்க சீனாவுக்கு ஃப்ளைட் ஏறிய அமெரிக்க டாக்டர் ஒருத்தர் உண்டு. பேர், ஜான் போனிகா.

1917-ல் சிசிலிக்குப் பக்கத்தில் ஃபிலிகூடி என்ற குட்டித் தீவில் பிறந்தார். சின்ன வயசுலயே குடும்பம் நியூயார்க் வந்துட்டது. அப்பா இறந்ததும் ஷூ பாலிஷ் போட்டார், பேப்பர் விற்றார். மருத்துவம் படிக்கக் காசு? முகமூடி மாட்டிக்கிட்டு மல்யுத்த மேடை ஏறினார். 1941-ல் லைட் ஹெவிவெயிட் உலக சாம்பியன் பட்டமே ஜெயிச்சார். கூடப் படிச்சவங்களுக்கு இது தெரியாது! ஆனா மேடையில் வாங்கிய அடி சும்மா விடுமா? முதுகு, இடுப்பு என்று பல ஆபரேஷன்கள். கடைசி வரை வலியோடுதான் வாழ்ந்தார்.

மனைவி எம்மாவின் பிரசவம் அவரை உலுக்கிடுச்சு. வலி தெரியாமல் இருக்கக் கொடுத்த ஈதரால் எம்மாவுக்கு மூச்சு அடைத்து உடம்பு நீலம் பாரித்தது. போனிகா ஓடிப்போய்க் காப்பாற்றினார். பிரசவத்துக்கு இன்னும் பாதுகாப்பான மயக்க முறை வேணும்னு அப்புறம் விடாமல் உழைத்தார்.

இரண்டாம் உலகப் போரில் வாஷிங்டன் மாகாண ராணுவ மருத்துவமனையில் மயக்கவியல் தலைவர். வெட்டி எடுத்த கை இன்னும் வலிக்குதுன்னு அழும் சிப்பாய்களுக்கு என்ன செய்யறதுன்னு புத்தகத்திலும் இல்லை, சீனியர்களுக்கும் தெரியலை. அதனால் நரம்பு, எலும்பு, மனநலம் என எல்லா டாக்டர்களையும் மதிய சாப்பாட்டுக்கு ஒண்ணா உட்கார வைத்தார். இன்னிக்கு நாம பார்க்கிற வலி கிளினிக்கின் விதை அந்தச் சாப்பாட்டு மேஜைதான். 1953-ல் வலி சிகிச்சைக்கென்றே ஒரு மெகா புத்தகம் எழுதினார். 1973-ல் உலக வலி ஆய்வாளர்களைச் சேர்த்து ஒரு சங்கத்துக்கு அடித்தளம் போட்டார். முற்றிய கேன்சரின் வலிக்காக மட்டும் 1978-ல் வெனிஸில் மாநாடு. கட்டியைக் கவனிக்கிற டாக்டர்கள் வலியைக் கவனிக்கலையே என்பதுதான் அவர் கோபம்.

இப்போ ஊசிக்கு வருவோம். 1972-ல் நிக்சன் சீனா போய்வந்த பிறகு அமெரிக்கா முழுக்க அக்குபஞ்சர் மோகம். 1973-ல் சீனா போன போனிகா, ஆபரேஷன் தியேட்டர்களிலேயே நின்னு பார்த்தார். ஊசியை மட்டும் நம்பி நடக்கும் ஆபரேஷன்கள் வெளியே பேசப்பட்ட அளவுக்கு இல்லைன்னு 1974-ல் எழுதினார். அதுக்காக ஊசியைத் தூக்கியும் போடலை. முறையா சோதிச்சுப் பாருங்க என்பதுதான் அவர் கட்சி. தானே வலியில் துடிச்சுக்கிட்டு இப்படி நிதானமா இருக்கிறது எவ்வளவு கஷ்டம், யோசிச்சுப் பாருங்க.

1994-ல் போனிகா மறைந்தார். சோதனைகள் தொடர்ந்தன. 2022-ல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கமும் இன்னொரு மருத்துவ அமைப்பும் சேர்ந்து வழிகாட்டி வெளியிட்டன. மார்பகப் புற்றுநோய்க்கான சில ஹார்மோன் மாத்திரைகளால் வரும் மூட்டு வலிக்கு அக்குபஞ்சரைப் பரிந்துரைக்கலாம், பொதுவான கேன்சர் வலிக்கும் யோசிக்கலாம் என்கிறது அது. ஆனா, கீமோவுக்கோ மார்ஃபினுக்கோ பதிலா இல்லை, கூடவேதான். கீமோவில் ரத்தத் தட்டுகளும் வெள்ளை அணுக்களும் குறைஞ்சிருந்தா ரத்தக்கசிவு, தொற்று பயம் உண்டு. அதனால ஊசிக்குப் படுக்கும் முன்னாடி, உங்க ஆன்காலஜிஸ்ட்கிட்ட லேட்டஸ்ட் பிளட் ரிப்போர்ட்டைக் காட்டிக் கேட்டுடுங்க.