கைதட்டிப் பாடிய மகாலியா

மகாலியா ஜாக்சன் 1911-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே தாயை இழந்தார். பதினாறு வயதில் சிகாகோ வந்தவர், பிறர் வீட்டுத் துணிகளைத் துவைத்தார். ஓட்டல் அறைகளைக் கூட்டித் துடைத்தார். ஞாயிறு வந்தால் கிரேட்டர் சேலம் பாப்டிஸ்ட் சபையின் பாடகர் குழுவில் நின்றார். அது கூலிக்கான பாட்டு அல்ல.

கைதட்டி, உடலை அசைத்து, காலால் தாளமிட்டு அவர் பாடியது, படித்த கறுப்பினத்தாரின் பெரிய சபைகளுக்கு அநாகரிகமாகப் பட்டது. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே மேல் கீழ்! நமக்கு இது புதிதா என்ன? மகாலியா தன் பாணியை மாற்றவில்லை. 1947-ல் பதிவான அவரது இசைத்தட்டு லட்சக்கணக்கில் விற்றது.

புகழ் வந்த பிறகும், வெள்ளையர் பகுதியில் அவர் வாங்கிய வீட்டின் சன்னலைத் துப்பாக்கிக் குண்டுகள் துளைத்தன. 1963 வாஷிங்டன் பேரணியில் மார்ட்டின் லூதர் கிங் பேசுவதற்கு முன் பாடியவர் இவர்தான். 1971-ல் சென்னைக்கும் வந்து பாடினார். மறு ஆண்டு சனவரியில் காலமானார்.