ரேஸர் முதல் கார் வரை: யார் இந்த ஜி.டி.நாயுடு?

எண்ணூரில் ஆஸ்டின் கார், திருவொற்றியூரில் புல்லட் பைக். 1950களில் வடசென்னையில் தயாரான இந்த வண்டிகளின் டிசைன் இங்கிலாந்தில் இருந்து வந்தது. அதே காலத்தில் நம்ம ஊரிலேயே டிசைன் செய்து கார் உருவாக்கியவர் கோவை ஜி.டி.நாயுடு.

1893இல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு பாதியிலேயே நின்றது. ஹோட்டல் சர்வராகச் சேர்த்த காசில் ஒரு பைக் வாங்கி, அதை அக்கக்காகப் பிரித்து மாட்டியே தொழில் கற்றார். 1920இல் பொள்ளாச்சி - பழனி இடையே ஒரே பஸ்ஸுடன் போக்குவரத்துத் தொழிலில் இறங்கினார். பிறகு பேட்டரியில் ஓடும் ஷேவிங் ரேஸர், மண்ணெண்ணெயில் சுழலும் ஃபேன், ஜூஸ் பிழியும் கருவி, வாக்குப்பதிவு இயந்திரம் என வரிசையாகச் செய்தார்.

1952இல் வந்தது இரண்டு பேர் போகும் பெட்ரோல் கார். விலை வெறும் 2,000 ரூபாய். ஆனா, அப்போ கார் தயாரிக்க அரசு லைசென்ஸ் கட்டாயம். அது கிடைக்கவில்லை, தயாரிப்பு நின்றுபோனது. 1974இல் நாயுடு மறைந்தார். சாமானியர் வாங்கக்கூடிய அந்த கார் கடைசி வரை விற்பனைக்கு வரவே இல்லை.